விஎம்முக்குக் கொடுத்த 100 ஜிபி எங்கே போனது?

கேட்டவருடைய நிலவரம் இது. மடிக்கணினியில் 512 ஜிபி எஸ்எஸ்டி. கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு சர்வர் நிறுவி, டைனமிக் வகையில் 100 ஜிபி டிஸ்க் கொடுத்திருக்கிறார். உள்ளே போய், டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்தால் மொத்தமே 48 ஜிபி என்கிறது. அதில் பயன்பாடு 14 ஜிபி. வெளியே வந்து, அந்த டிஸ்க்காக இருக்கும் விடிஐ கோப்பைப் பார்த்தால் 47 ஜிபி. விஎம்மின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டின் ஃபோல்டரில் இன்னொரு 29 ஜிபி. உள்ளே பழைய லாக், டாக்கர் இமேஜ் (செயலிப் பொதி) எல்லாவற்றையும் அழித்துப் பார்த்தாராம். வெளியே ஒரு எம்பிகூடக் குறையவில்லை. டைனமிக்கை விட்டுவிட்டு ஃபிக்ஸடுக்குப் போகலாமா, அலுவலகத்தில் விஎம்வேரில் தின், திக் என்கிறார்களே அதுவும் இதுதானா, ஒரு விஎம்முக்கு எவ்வளவு கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வது என்று கேட்கிறார்.

100, 48, 14, 47, 29. இந்த ஐந்து எண்களும் சரியானவைதான். ஒரே டிஸ்க்குக்கு மூன்று பேர் தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறார்கள், ஒருவர் நோட்டை இன்னொருவர் பார்ப்பதில்லை, குழப்பம் அங்கேதான். உள்ளே இருக்கும் கோப்பு முறைமை, அதாவது உபுண்டுவின் எக்ஸ்ட்4, எந்த பிளாக்கில் எந்தக் கோப்பு இருக்கிறது, எது காலி என்று எழுதி வைத்திருக்கிறது. நடுவில் விடிஐ கோப்பு, இந்த டிஸ்க்கில் எந்தெந்தப் பகுதி ஒரு முறையாவது எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறது. வெளியே உங்கள் மடிக்கணினிக்கு விடிஐ என்பது ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான்; அதற்குள் லினக்ஸ் இருக்கிறதா சினிமா இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

டைனமிக் டிஸ்க் உருவாக்கும்போது 100 ஜிபி என்று நீங்கள் எழுதுவது ஓர் உச்சவரம்பு. அப்போது கோப்பின் அளவு ஒன்றிரண்டு எம்பிதான் இருக்கும். கோப்பின் தலைப்பகுதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. 100 ஜிபியையும் 1 எம்பி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் கோப்பில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை அது. ஆரம்பத்தில் எல்லாத் துண்டுகளுக்கும் "இன்னும் இல்லை" என்றே இருக்கும். உபுண்டு ஓரிடத்தில் முதன்முறையாக எழுதும்போது கோப்பின் கடைசியில் 1 எம்பி சேர்த்து, அட்டவணையில் அதைக் குறித்துக்கொள்ளும். எழுதாத இடத்தைப் படிக்கச் சொன்னால், டிஸ்க்கைத் தொடாமலே பூஜ்யமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். கெஸ்ட்டுக்கு, அதாவது உள்ளே ஓடும் உபுண்டுவுக்கு, இது எதுவும் தெரியாது. அதைப் பொறுத்தவரை 100 ஜிபி டிஸ்க் ஒன்று முழுசாக எதிரே இருக்கிறது.

இப்போது அழித்தலுக்கு வருவோம். உள்ளே ஒரு 5 ஜிபி கோப்பை நீக்கினால் எக்ஸ்ட்4 என்ன செய்யும்? தன் நோட்டில் அந்த பிளாக்குகளுக்கு நேரே "காலி" என்று எழுதிக்கொள்ளும். அந்த பிளாக்குகளில் இருக்கும் பழைய தரவை அது தொடுவதே இல்லை. ஆகவே நடுவில் இருக்கும் விடிஐக்கு எந்தச் செய்தியும் போகாது. அதன் அட்டவணையில் அந்த 5 ஜிபியும் இன்னும் எழுதப்பட்ட இடம்தான். நிலத்தை விற்றவர் பட்டா மாற்றாமல் விட்டது போல. உங்கள் 14-க்கும் 47-க்கும் நடுவே இருக்கும் 33 ஜிபி பெரும்பாலும் இப்படிப்பட்ட பட்டா மாறாத நிலம்.

நம்பிக்கை வராவிட்டால் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. உள்ளே டிடி கட்டளையால், தாறுமாறான எண்களைத் தரும் யூரேண்டமிலிருந்து 5 ஜிபி கோப்பு ஒன்றை எழுதி, எல்லாம் டிஸ்க்குக்குப் போய்ச் சேர சிங்க் கொடுங்கள். வெளியே விடிஐ ஏறக்குறைய 5 ஜிபி கூடியிருக்கும். ஏற்கெனவே அழித்துக் காலியாக இருந்த இடத்திலேயே எக்ஸ்ட்4 எழுதிவிட்டால் கூடாமலும் இருக்கலாம். அதனால் இதைப் புதிய விஎம்மில் செய்வது நல்லது. பிறகு அந்தக் கோப்பை நீக்குங்கள். உள்ளே டிஎஃப் உடனே 5 ஜிபி குறைத்துக் காட்டும். வெளியே அசைவே இருக்காது. யூரேண்டம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெவ்-ஜீரோவிலிருந்து எழுதினால் வெறும் பூஜ்யமாக இருக்கிறதே என்று சில மென்பொருள்கள் இடமே ஒதுக்காமல் விட்டுவிடும், சோதனை பொய்த்துப்போகும்.

அடுத்து, 100 கொடுத்தும் உள்ளே 48 என்று காட்டுவது. இது விர்ச்சுவல்பாக்ஸ் விவகாரமே இல்லை, உபுண்டு சர்வர் நிறுவி செய்யும் வேலை. நிறுவும்போது முழு டிஸ்க்கையும் எல்விஎம்மோடு (டிஸ்க் இடத்தை வேண்டியபடி பிரித்துக்கொடுக்கும் லினக்ஸ் ஏற்பாடு) பயன்படுத்து என்ற தேர்வை அப்படியே விட்டால், அது வால்யூம் குரூப் என்ற மொத்தத் தொகுப்பில் முழு இடத்தையும் ரூட்டுக்கு, அதாவது சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பகுதிக்கு, கொடுக்காது. 20 ஜிபியிலிருந்து 200 ஜிபி வரையான டிஸ்க் என்றால் பாதிதான் கொடுக்கும். 200-க்கு மேல் போனால் 100 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளும். மீதியைப் பின்னால் நீங்கள் வேண்டிய இடத்தில் நீட்டிக்கொள்ளலாம் என்ற நல்லெண்ணம்தான், ஆனால் இதைத் தெரியாமல் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று புதிய டிஸ்க் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விஜிஎஸ் கட்டளை போட்டால் மீதி எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று தெரியும். எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையில் காலியாக உள்ளதில் 100 சதவீதம் என்றும், கூடவே ஆர் தேர்வும் கொடுத்தால் லாஜிக்கல் வால்யூமும் (எல்விஎம் பிரித்துக்கொடுத்த அந்தப் பகுதி) அதன்மேல் உள்ள எக்ஸ்ட்4-ம் ஒரே வீச்சில் நீளும். ரீபூட்கூட வேண்டாம். எக்ஸ்ட்4 இன்னொரு 5 சதவீதத்தை நிர்வாகியான ரூட் பயனருக்கு என்று ஒதுக்கி வைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். டிஎஃப்பில் பயன்பாட்டையும் காலியையும் கூட்டினால் மொத்தம் வராததற்கு அதுதான் காரணம்.

அந்த 29 ஜிபி ஸ்னாப்ஷாட். பலரும் ஸ்னாப்ஷாட் என்றால் பேக்கப் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் பழைய விடிஐ உறைந்துவிடும், அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் புதிதாகத் திறந்த ஒரு வித்தியாசக் கோப்பில் போகும். நீங்கள் உள்ளே ஒரு கோப்பை மாற்றினால் பழைய பதிப்பு விடிஐயிலும் புதியது வித்தியாசக் கோப்பிலும், ஆக இரண்டு இடத்தில் இருக்கும். ஒரு ஸ்னாப்ஷாட் அதிகபட்சம் எவ்வளவு வளரும்? டிஸ்க்கின் முழு அளவுக்கும் வளரலாம். உங்களுடைய 100 ஜிபி டிஸ்க், ஒரே ஸ்னாப்ஷாட்டோடு, நாள்போக்கில் வெளியே 200 ஜிபி தின்றுவிட வழி இருக்கிறது. தினமும் கம்பைல் செய்வது, டாக்கர் இமேஜ் இழுப்பது, டேட்டாபேஸ் ஓடுவது என்றிருக்கும் விஎம்மில் இது வேகமாகவே நடக்கும். விஎம்வேர் தன் பரிந்துரையிலேயே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்கிறது. அப்டேட் போடும் முன் எடுங்கள், எல்லாம் சரியாக ஓடுகிறதென்றால் அன்றோ மறுநாளோ நீக்கிவிடுங்கள். நீக்கும்போது வித்தியாசம் எல்லாம் பழைய கோப்போடு சேரும். அந்த இணைப்பு நடக்கும் நேரத்தில் கொஞ்சம் கூடுதல் இடம் தேவைப்படலாம் என்பதால், ஹோஸ்ட் டிஸ்க் (வெளியே உள்ள உங்கள் மடிக்கணினியின் டிஸ்க்) 98 சதவீதம் நிரம்பிய பிறகு ஸ்னாப்ஷாட்டை நீக்கி இடம் பிடிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒருபோதும் அந்த வித்தியாசக் கோப்பை ஃபோல்டரில் போய்க் கையால் அழிக்காதீர்கள். சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்த மாதிரி, மேலே இருப்பதெல்லாம் போய்விடும்.

சரி, அந்த 33 ஜிபியைத் திரும்பப் பெறுவது எப்படி? அழித்த செய்தியை உள்ளிருந்து வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு வழி.

பழைய வழி, காலி இடத்தையெல்லாம் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு, வெளியே விர்ச்சுவல்பாக்ஸின் கட்டளைக் கருவியான விபாக்ஸ்மேனேஜின் மாடிஃபைமீடியம் கட்டளையில் காம்பாக்ட் கொடுப்பது. விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு 1 எம்பி துண்டாகப் பார்த்து, முழுக்கப் பூஜ்யமாக இருப்பதைத் தூக்கி எறிந்துவிடும். லினக்ஸில் ஜீரோஃப்ரீ என்ற சின்னக் கருவி இருக்கிறது. எக்ஸ்ட் குடும்பத்துக்கு மட்டும். பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) மவுன்ட் ஆகாமலோ ரீட்-ஒன்லியாகவோ இருக்க வேண்டும். காலியாக இருந்தும் பூஜ்யமாக இல்லாத பிளாக்குகளில் மட்டும் அது எழுதும் என்பதால் வேலை சுத்தமாக இருக்கும். விண்டோஸ் கெஸ்ட் என்றால் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள எஸ்டிலீட்டை இஸட் தேர்வோடு ஓட்டுவார்கள். இந்த வழியில் ஒரு குறை: எக்ஸ்ட்4-இன் பிளாக் 4 கேபி, விடிஐயின் துண்டு 1 எம்பி. ஒரு துண்டுக்குள் 256 பிளாக்குகள். அதில் ஒன்றே ஒன்றில் 4 கேபி கோப்பு உட்கார்ந்திருந்தாலும் அந்த 1 எம்பி முழுசும் போகாது. அதனால் 47 என்பது காம்பாக்டுக்குப் பிறகு சரியாக 14-க்கு வராது. 17, 18-இல் நின்றாலே நல்லதுதான்.

இதே காரணத்தால்தான் மைக்ரோசாஃப்ட், தன் விஎம் மென்பொருளான ஹைப்பர்-வியில் லினக்ஸ் கெஸ்ட்டுக்கு டைனமிக் விஹெச்டிஎக்ஸ் (அங்கே விடிஐக்கு ஈடான கோப்பு) உருவாக்கும்போது பிளாக் அளவை 1 எம்பியாக வையுங்கள் என்கிறது. அங்கே தானாக விட்டால் 32 எம்பி. எக்ஸ்ட்4 தன் விவரக் கட்டமைப்புகளை டிஸ்க் முழுக்க அங்கங்கே தூவி வைக்கும் பழக்கமுள்ளது. ஒவ்வொரு தூவலுக்கும் 32 எம்பி என்றால் காலி விஎம்மே கொழுத்துவிடும்.

இரண்டாவது வழி ட்ரிம். எஸ்எஸ்டிக்காக வந்த ஏற்பாடு இது. இந்த பிளாக்குகள் இனி எனக்கு வேண்டாம் என்று கோப்பு முறைமை டிஸ்க்குக்குச் சொல்லும் ஒரு கட்டளை. விர்ச்சுவல் டிஸ்க்கும் அதைக் காதில் வாங்கினால் வேலை முடிந்தது. விர்ச்சுவல்பாக்ஸில் அது தானாக இயங்காது. விஎம்மை நிறுத்திவிட்டு, ஸ்டோரேஜ்அட்டாச் கட்டளையில் டிஸ்கார்டை ஆன் செய்ய வேண்டும். கூடவே இது சுழலும் டிஸ்க் இல்லை, எஸ்எஸ்டி என்றும் சொல்லிவிடுங்கள். விடிஐ வகைக்குத்தான் இது பலிக்கும், தொடர்ச்சியாக 1 எம்பியாவது காலியாகியிருக்க வேண்டும். அப்புறம் உள்ளே எஃப்எஸ்ட்ரிம் ஓட்டினால் எத்தனை ஜிபி ட்ரிம் ஆனது என்று ஒரு வரி வரும். வெளியே கோப்பு சுருங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரும்ப ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் 0 என்று காட்டும். பதற வேண்டாம். எதை ஏற்கெனவே சொல்லிவிட்டோம் என்று எக்ஸ்ட்4 நினைவு வைத்திருக்கிறது. டிஸ்கார்ட் ஆன் ஆகவில்லை என்றால் இந்தக் கட்டளையே ஆதரவு இல்லை என்று திட்டிவிடும், அதுவும் ஒரு வசதிதான். உபுண்டுவில் இது வாரம் ஒரு முறை தானாக ஓட டைமர் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது நடுவில் உள்ள கதவைத் திறந்துவிடுவது மட்டும்.

கெஸ்ட்டுக்குள் முழு டிஸ்க்கையும் லினக்ஸின் லக்ஸ் ஏற்பாட்டால் குறியாக்கம் செய்திருந்தால் பூஜ்யம் நிரப்பும் வழி உதவாது. நீங்கள் எழுதும் பூஜ்யம் குறியாக்கத்தைத் தாண்டி வெளியே போகும்போது குப்பை எண்ணாகத்தான் போகும். 33 ஜிபி சுருங்குவதற்குப் பதில் டிஸ்க் முழுசும் நிரம்பும். அங்கே ட்ரிம் மட்டுமே வழி, அதையும் கிரிப்ட்டேப் என்ற அமைப்புக் கோப்பில் டிஸ்கார்ட் என்று தனியாக அனுமதித்தால்தான் கடக்கும். விண்டோஸ் கெஸ்ட்டில் டிஃப்ராக் ஓட்டுவதும் வேண்டாம். கோப்புகளை இடம் மாற்றி மாற்றி எழுதும், ஒவ்வொரு புது இடமும் விடிஐயில் புதுத் துண்டு.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். உங்கள் உபுண்டு எக்ஸ்ட்4 டாட் விஹெச்டிஎக்ஸ் என்ற ஒரே கோப்புக்குள் இருக்கிறது, வளரும், தானாகக் குறையாது. நிறுத்திவிட்டு டிஸ்க்பார்ட்டில் காம்பாக்ட் கொடுக்கலாம்.

இப்போது ஃபிக்ஸடா டைனமிக்கா என்ற கேள்வி. ஃபிக்ஸட் என்றால் 100 ஜிபியும் உடனே ஹோஸ்ட்டில் போய்விடும். பிறகு அழிப்பது, சுருக்குவது என்ற பேச்சே இல்லை. வேகம் கூடும் என்று சொல்வார்கள். கூடும், ஆனால் எங்கே என்று பாருங்கள்: ஓரிடத்தில் முதல்முறை எழுதும்போது மட்டும், இடம் ஒதுக்கி அட்டவணையில் குறிக்கும் செலவு டைனமிக்கில் இருக்கிறது. அதே இடத்தில் இரண்டாவது முறை எழுதும்போது பெரிய வித்தியாசம் கிடையாது. எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் ஒரு டெவலப்பர் விஎம்முக்கு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. உங்களுக்கு டைனமிக் போதும். 512 ஜிபியில் ஒரு விஎம்முக்கு 100-ஐப் பூட்டிவைப்பது வீண்.

அலுவலகத்தில் விஎம்வேரில் சொல்வதும் இதேதான், அங்கே மூன்று வகை. தின் என்பது உங்கள் டைனமிக். திக் லேஸி ஜீரோட் என்பது இடத்தை உடனே ஒதுக்கிவிடும், ஆனால் அதில் பூஜ்யம் எழுதுவதை ஒவ்வொரு பிளாக்கையும் முதல்முறை தொடும்போது செய்துகொள்ளும். திக் ஈகர் ஜீரோட் என்பது உருவாக்கும்போதே முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். உருவாக நேரமாகும், பிறகு முதல் எழுத்திலும் தாமதம் இல்லை. ஏன் பூஜ்யம் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அந்த இடத்தில் நேற்று வேறொரு துறையின் விஎம் இருந்திருக்கலாம். துடைக்காமல் கொடுத்தால் புது விஎம் அவர்களுடைய பழைய தரவைப் படித்துவிடும். லினக்ஸின் சொந்த விஎம் ஏற்பாடான கேவிஎம் உலகத்தில் க்யூகவ்2 கோப்பு தின் வகை, 64 கேபி துண்டுகளாக வளரும். 40 ஜிபி என்று சொல்லிப் புதிதாக உருவாக்கிவிட்டு க்யூஎம்யூ-ஐஎம்ஜி இன்ஃபோ கொடுத்தால் விர்ச்சுவல் சைஸ் 40 ஜிபி, டிஸ்க் சைஸ் 200 கேபியைக்கூடத் தொடாது என்று இரண்டு வரியில் காட்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டளை இது. இரண்டு நோட்டையும் அருகருகே விரித்து வைத்துவிடுகிறது.

தின்னின் உண்மையான விலை வேகத்தில் இல்லை. கல்யாணத்துக்கு 1000 பத்திரிகை வைப்பவர் 1000 இலைக்குச் சமைக்கச் சொல்வதில்லை. 700 என்று ஒரு கணக்குப் போடுவார், பெரும்பாலும் அது சரியாகவும் வரும். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்தமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும் நாளில் 900 பேர் வந்து நிற்பார்கள். தின் டிஸ்க்குகளைக் கொடுக்கும்போது நீங்கள் செய்வதும் அதுதான். இருப்பதைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுக்கிறீர்கள். தவறில்லை, எல்லோரும் செய்கிறோம். ஆனால் அடுக்களையில் எவ்வளவு அரிசி மிச்சம் என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் பார்க்கத் தவறிய கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். விஎம்களை நடத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ், எல்லா விஎம்முக்கும் பொதுவான தின் சேமிப்பிடமாக ஓர் எல்விஎம்-தின் பூல், சுமார் 1.7 டிபி. பதினொரு விஎம், எல்லோருக்கும் வாரி வழங்கிய மொத்தம் 3.2 டிபி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் பழைய ஆவணக் காப்பகம் ஒன்றை, சுமார் 400 ஜிபி, சோதனைக்காக ஒரு ஃபைல் சர்வர் விஎம்மில் ஏற்றியிருக்கிறார். பார்த்துவிட்டு ஒழுங்காக அழித்தும் விட்டார். அவர்மேல் குறையே சொல்ல முடியாது. இரவு பதினொன்றரைக்கு ஒவ்வொரு விஎம்மாக நின்றது. ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி, ஐஓ-எரர், அதாவது டிஸ்க்கில் எழுத முடியவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் போன வாரம் வரை டிஎஃப் பாதிக்கு மேல் காலி என்றுதான் காட்டியது. ஹோஸ்ட்டில் எல்விஎஸ் போட்டுப் பார்த்தால் டேட்டா சதவீதம் சரியாக 100.00. அழித்த 400 ஜிபியின் செய்தி பூலுக்குப் போய்ச் சேரவே இல்லை, ஏனென்றால் அந்த விஎம்மின் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்ட் பெட்டியில் டிக் போடவில்லை. போடாதவன் நான்தான். ப்ராக்ஸ்மாக்ஸில் அது முன்கூட்டியே டிக் ஆகி வராது.

யாரும் தொடாத பழைய விஎம் ஒன்றின் டிஸ்க்கை நீக்கி மூச்சுவிட இடம் பிடித்தேன். பெரும்பாலானவை தொடர்ந்து ஓடின. ஒரு டேட்டாபேஸ் விஎம்மில் எக்ஸ்ட்4 ரீட்-ஒன்லிக்குப் போய்விட்டதால் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் ஓட்ட வேண்டியிருந்தது. அப்புறம் ஃபைல் சர்வருக்கு டிஸ்கார்ட் போட்டு, நிறுத்தித் திரும்ப எழுப்பி, உள்ளே எஃப்எஸ்ட்ரிம். 400 ஜிபி இரண்டு நிமிடத்தில் பூலுக்குத் திரும்பியது. இரவு மூன்று மணி. அன்றிலிருந்து பூல் 80 சதவீதத்தைத் தொட்டால் எனக்குச் செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். எல்விஎஸ் காட்டும் மெட்டா சதவீதத்தையும் (எது எங்கே என்று பூல் எழுதிவைக்கும் குறிப்புகள்) கூடவே பாருங்கள். டேட்டா காலியாக இருந்தும் மெட்டாடேட்டா நிரம்பினால் கதை இதைவிட மோசம். எல்விஎம்மில் பூல் தானாக நீளும் ஒரு அமைப்பும் உண்டு, ஆனால் அதன் வரம்பு ஆரம்பத்தில் 100 என்றிருக்கும். அதற்கு அர்த்தம் அணைத்து வைத்திருக்கிறது என்பது.

விஎம்வேரில் இடம் தீர்ந்தால் அந்த விஎம் ஒரு கேள்வியோடு உறைந்து நிற்கும். இடம் பிடித்துவிட்டு ரீட்ரை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அங்கே கூடுதலாக ஒரு பொறி இருக்கிறது, திக் டிஸ்க் கொடுப்பவர்கள்தான் அதில் விழுவார்கள். 500 ஜிபி டேட்டாஸ்டோரில் (விஎம் கோப்புகளை வைக்கும் இடம்) திக் டிஸ்க்குகளாக 490 ஜிபி வரை நிரப்பிவிட்டு, இனி கூடவும் செய்யாது குறையவும் செய்யாது என்று நிம்மதியாக இருப்பார்கள். 16 ஜிபி மெமரி கொடுத்த விஎம்மை ஆன் செய்தால் ஓடாது. காரணம், ஆன் ஆகும்போது அந்த விஎம்மின் மெமரி அளவுக்கு ஒரு ஸ்வாப் கோப்பு டேட்டாஸ்டோரில் உருவாகிறது. 16 ஜிபி மெமரிக்கு, எதையும் ரிசர்வ் செய்யாவிட்டால், 16 ஜிபி கோப்பு. மெமரியோடு ஸ்னாப்ஷாட் எடுத்தால் அந்த மெமரியும் கோப்பாக எழுதப்படும். டிஸ்க் கணக்கில் மெமரியையும் சேர்க்க வேண்டும் என்பது பலருக்கு அன்றுதான் தெரியும்.

எவ்வளவு கொடுப்பது? உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 25 ஜிபி, விண்டோஸ் 11-க்கு 64 ஜிபி என்பது அவர்களே சொல்லும் அளவு. அதன்மேல் உங்கள் வேலையைப் பொறுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். என் பழக்கம், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 40 ஜிபியில் ஒரு டிஸ்க், தரவுக்குத் தனியாக இன்னொன்று. தரவு டிஸ்க்கை விர்ச்சுவல்பாக்ஸில் ரைட்-த்ரூ வகையாக வைத்தால் ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது. அப்டேட்டைத் திருப்பும்போது நேற்று எழுதிய நிரலும் சேர்ந்து போகாது, வித்தியாசக் கோப்பும் கொழுக்காது. தயங்கினால் குறைவாகவே கொடுங்கள். பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவதுதான் வதை.

பெரிதாக்கும்போதும் மூன்று நோட்டையும் வரிசையாகத் திருத்த வேண்டும்: விர்ச்சுவல் டிஸ்க், பிறகு பார்ட்டிஷன், எல்விஎம் இருந்தால் அதன் வால்யூம்கள், கடைசியில் கோப்பு முறைமை. முதல் படியோடு நிறுத்திவிட்டு "200 ஆக்கினேன், உள்ளே இன்னும் 100 காட்டுகிறது" என்பவர்களே அதிகம். விண்டோஸில் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகவே இருக்கும். சி டிரைவுக்கும் புது இடத்துக்கும் நடுவில் ரிகவரி பார்ட்டிஷன் குறுக்கே படுத்திருக்கும். அதை நகர்த்தாமல் சி நீளாது. சிறிதாக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, சிறிய புது டிஸ்க் ஒன்றைச் சேர்த்து அதற்குத் தரவை நகலெடுத்துவிட்டுப் பழையதைக் கழற்றுவதுதான். கிளவுடிலும் இதே நிலைமை. அமேசானில் இபிஎஸ் வால்யூமை, அதாவது அங்கே வாடகைக்கு எடுக்கும் டிஸ்க்கை, பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அங்கே பில் நீங்கள் கேட்ட அளவுக்கு வரும், உள்ளே 14 ஜிபிதான் எழுதினேன் என்றால் கேட்க மாட்டார்கள்.

உங்கள் மடிக்கணினிக்கு: முதலில் உள்ளே இருக்கும் முக்கியமானதை வெளியே ஒரு நகல் எடுங்கள். ஸ்னாப்ஷாட்டை நீக்கி இணைய விடுங்கள். டிஸ்கார்டை ஆன் செய்து எஃப்எஸ்ட்ரிம் ஓட்டுங்கள். 76 ஜிபி இருபதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். 48-ஐ 98 ஆக நீட்டுவதை அதற்குப் பிறகு, அவசியம் என்றால் மட்டும் செய்யுங்கள். அந்த 48, நீங்கள் கேட்காமலே உபுண்டு போட்டுக்கொடுத்த வேலி. டாக்கர் இழுத்துப் பழகிய கைக்கு அது இருக்கட்டும்.